தீண்டும் கரமும் கொல்லாக் கரமும்

பிணியுற்றார்மீது கைவைத்து வேண்டுதல் செய்வது கிறிஸ்தவ சமயத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்றாகும். நம் திருநெல்வேலி நாட்டில், ஆலயத்தின்கண் முழந்தாளிட்டுள்ள நோயாளியின் சிரசின்மேல் குருவானவர் கரம் வைத்து ஜெபிப்பதையும், சபையின் மூப்பர் எண்ணெய் பூசி வேண்டுவதையும், காய்ச்சலுற்ற குழந்தையின் நெற்றியிலே தாய் கைவைத்து மெல்ல மன்றாடுவதையும் காணாதார் இலர். அங்ஙனமே, நோய் நீங்கிற்றென்று மனங்குளிர்ந்த குடும்பத்தார் தாம் நேர்ந்துகொண்டவாறு ஆடொன்றை அறுத்து, உற்றாரையும் ஊராரையும் அழைத்து அசனமிடுவதையும் காணாதார் இலர். இவ்விரண்டும் ஒரே பக்தியின் இரு முகங்களெனப் பெரும்பாலோர் கொள்கின்றனர். நாம் அங்ஙனங் கொள்ளுதற்கில்லை. பிணி தீருமாறு வேண்டி வைத்த கரமே, அப்பிணி தீர்ந்தமைக்காக வேறோர் உயிரின் கழுத்திற் கத்தி வைப்பது தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

முதற்கண் ஒன்று கூறுதல் கடன். அசனமென்பது இழிந்த வழக்கமன்று. ஒருவர் பெற்ற நன்மையைப் பலர் வயிறாரப் பகிர்ந்துகொள்ளுதலே அதன் உட்கருத்தாகலின், அஃது உயர்ந்த வழக்கமே. நம் சேகரங்களில் நடைபெறும் அசனப் பண்டிகைகளிற் செல்வரும் வறியரும் ஒரே பந்தியில் அமர்ந்துண்ணக் காண்கிறோம். புளியம்பட்டிப் புனித அந்தோணியார் திருத்தலத்திற்குப் பிணியாளரை அழைத்துச் சென்று பல நாள் தங்கி வேண்டுவோர், குணங்கண்டபின் ஆடு அறுத்து ஏழைகட்கு உணவிடுதலும் நெடுநாளைய வழக்கம். பாபநாசத்திற்கு மேலே காரையாற்றங்கரையிலுள்ள சொரிமுத்தையனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூடும் பெருந்திரளினரும் காவற்றெய்வங்களுக்கு ஆடும் கோழியும் நேர்வர். ஆகவே இஃது ஒரு சபையாரது குற்றமெனச் சுட்டத்தக்கதன்று. பொருநைக் கரையில் வாழ்வார் பலர்க்கும் பொதுவாய் வந்த வழக்கம். சட்டத்தினால் இதனைத் தடுக்க முயன்றதுமுண்டு. கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுதலைத் தடுக்கும் சட்டம் 1950ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் உறங்கியது. 2003இல் அதனை நடைமுறைப்படுத்தப் புகுந்தபோது பெருங்கிளர்ச்சி எழவே, 2004இல் நீக்கப்பட்டது. உள்ளம் இசையாத ஒன்றைச் சட்டம் இசைவிக்கமாட்டாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஆகலின் நாம் உள்ளத்தோடே பேசுவோம்; கிறிஸ்தவர்பால் அவர்தம் வேதத்தைக் கொண்டே பேசுவோம்.

கைவைத்தல் என்னும் செயல் வேதத்தில் எங்கே முதன்மையாகக் காணப்படுகின்றதென்று நோக்குவார்க்கு வியப்பொன்று காத்திருக்கின்றது. லேவியராகமத்தின் முதலதிகாரத்திலேயே, பலியிட வருகின்றவன் தான் கொணர்ந்த விலங்கின் தலைமேற் கைவைக்கக் கடவன் என்னும் விதி உளது. கைவைத்த பின்னரே அது கொல்லப்படும். அந்நூலின் 16ஆம் அதிகாரத்திலே, பிரதான ஆசாரியன் தன் இரு கைகளையும் வெள்ளாட்டுக் கடாவின் தலைமீது வைத்து, சனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அதன்மேற் சுமத்தி, வனாந்தரத்திற்குப் போக்கிவிடுகின்றான். எனவே பழைய ஏற்பாட்டுப் பலிமுறையில், கைவைத்தலென்பது மனிதனது சுமையை வாயில்லாப் பிராணியின்மேல் ஏற்றுதலாயிருந்தது. மனிதன் இலேசாவான், பிராணி மாளும், அன்றேல் பாழ்நிலத்திற் போக்கப்படும்.

புதிய ஏற்பாட்டிற்கு வருவோமாயின் அக்கரம் திசை மாறியிருத்தலைக் காண்போம். குஷ்டரோகியை ஒருவருந் தொடாத காலத்தே கிறிஸ்து பெருமான் கைநீட்டி அவனைத் தொட்டார் என்று மாற்கு கூறுகின்றார். அந்திப்பொழுதிலே கொணரப்பட்ட பிணியாளர் ஒவ்வொருவர்மேலும் அவர் கைவைத்தார் என்று லூக்கா எழுதுகின்றார். திரளை நோக்கி ஒரு சொற் சொல்லி அனுப்பிவிடாது, ஒவ்வொருவரையும் தனித்தனியே தொட்டமை குறிப்பிடத்தக்கது. மெலித்தா தீவிலே காய்ச்சலும் இரத்தபேதியுமாய்க் கிடந்த புபிலியுவின் தகப்பன்மேற் பவுல் கைவைத்து வேண்டினதை அப்போஸ்தலர் நடபடிகள் உரைக்கின்றது. இவ்விடங்களிலெல்லாம் சுமை பிறிதோர் உயிர்மேல் ஏற்றப்படவில்லை. தொடுகின்றவரே பிணியாளனுடைய துன்பத்தை அணுகிச் சென்று ஏற்றுக்கொள்கின்றார். பலிபீடத்தருகே விலங்கின் தலைமேலிருந்த கரம், இப்போது பிணியாளன் தலைமேல் வந்தமைந்தது, விலங்கோ விடப்பட்டது.

இஃது எம்முடைய கற்பனையோவென்று ஐயுறுவார் மத்தேயுவின் 9ஆம் அதிகாரத்தை நோக்குவாராக. சுகமுள்ளவர்க்கன்று, பிணியாளர்க்கே வைத்தியன் வேண்டுமென்று கூறிய அதே மூச்சிலே, பலியையன்று இரக்கத்தையே கடவுள் விரும்புகின்றார் என்னும் ஓசியா தீர்க்கதரிசியின் கருத்தைச் சென்று கற்றுக்கொள்ளுங்களென்று பெருமான் பணிக்கின்றார். வைத்தியமும் பலிமறுப்பும் ஒரே விடையுள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்து, முன்னதை மட்டும் கைக்கொள்வது முறையன்று.

இனி, இப்பொருளுக்கு உயிர்நாடியாகத் தோன்றும் நிகழ்ச்சி லூக்காவின் 13ஆம் அதிகாரத்தில் உளது. 18 ஆண்டுகளாகக் கூனி நிமிரமாட்டாதிருந்த ஒரு பெண்ணின்மேல் பெருமான் ஓய்வுநாளிலே கைவைக்க, அவள் நிமிர்ந்தாள். ஜெபாலயத் தலைவன் சினந்து, வேலை செய்தற்கு ஆறு நாட்கள் உண்டே என்றான். அதற்கு அவர் விடையாக எடுத்துக்காட்டியது யாது? ஓய்வுநாளிலே தன் எருதையாவது கழுதையையாவது தொழுவத்தினின்றும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டாதவன் உங்களுள் யாரென்று வினவினார். மாட்டின் தாகமே மனிதப் பிணியின் தீர்வுக்கு முன்மாதிரியாயிற்று! அன்றியும், கிரேக்க மூலத்தில் அப்பெண் கட்டவிழ்க்கப்பட்டதற்கும் எருது அவிழ்க்கப்படுதற்கும் ஓரடிப் பிறந்த சொற்களே ஆளப்பட்டுள்ளன. கைவைத்துப் பிணி தீர்த்தலென்பது கட்டவிழ்த்தலே. தொழுவத்தில் தாகத்தோடு நிற்கும் விலங்கைக் கட்டவிழ்த்தலும் அவ்வினத்ததே. இவ்வுவமையைக் கற்ற நாம், பெண் நிமிர்ந்தாள் என்னும் மகிழ்ச்சியினால் அவ்வெருதையே வெட்டிப் பந்தி வைப்போமாயின், உவமையை உண்டுவிட்டோம் என்பதல்லது வேறென் சொல்வது?

மாட்டினைத் தண்ணீர்க்கு நடத்துதல் என்னும் கருத்து நம் நாட்டினர்க்குப் புதியதன்று. கல்லிடைக்குறிச்சி வழியாக ஓடி, வீரவநல்லூர், சேரன்மாதேவி வயல்களை வளம்படுத்தும் கன்னடியன் கால்வாயைப்பற்றி வழங்கும் பழங்கதையை இப்பக்கத்தார் அறிவர். கன்னட தேசத்து அந்தணர் ஒருவர், பொதிகை முனிவராகிய அகத்தியரின் சொற்படி ஒரு பசுவின் பின்னே நடந்து, அது சென்ற வழியே கால் வெட்டி, அது படுத்து இளைப்பாறிய இடத்தே குளம் அமைத்தார் என்பது கதை. வரலாறு எவ்வாறாயினும், அக்கதையைப் படைத்தோர் உள்ளம் நமக்கு இனிது. அங்கே மனிதன் பசுவைத் தண்ணீர்க்கு நடத்தினானல்லன். பசுவே மனிதனைத் தண்ணீர்க்கு நடத்திற்று. இவ்வளவு நெல்லும் வாழையும் ஒரு விலங்கின் அடிச்சுவட்டில் விளைகின்றன என்று நம்பிய ஊர், நன்றி செலுத்தும் நாளில் விலங்கை மறத்தல் ஆகாது.

பிணி தீர்க்கும் கரத்தில் வேதம் எவற்றைத் தருகின்றதென்றும் நோக்குக. சீஷர்கள் நோயாளர்க்கு எண்ணெய் பூசினர் என்பர் மாற்கு. மூப்பர் எண்ணெய் பூசி வேண்டுக என்பர் யாக்கோபு. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். எசேக்கியா ராஜாவின் கட்டிக்கு ஏசாயா இடுவித்தது அத்திப்பழ அடை. எசேக்கியேல் கண்ட ஆற்றங்கரை மரங்களின் இலைகள் மருந்தாகும். வெளிப்படுத்தின விசேஷத்தின் இறுதியதிகாரத்திலும் மரத்தின் இலைகளே சாதிகளுக்கு ஆரோக்கியம் தருகின்றன. கத்தோலிக்க திருச்சபையிலே நோயிற்பூசுதலுக்கு ஒலிவ எண்ணெயே நெடுங்காலம் வேண்டப்பட்டது. 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல், ஒலிவ எண்ணெய் அரிதாகிய தேசங்களில் வேறெண்ணெயும் ஆகலாம், ஆயின் அது தாவரத்தினின்று எடுத்ததாயிருக்க வேண்டுமென்று விதித்தார். நம் நாட்டு மிஷன் தொழுநோய் நிலையங்களிலும், 1940களில் புதிய மருந்துகள் வரும்வரையில், நீரடிமுத்து எண்ணெயே பெரிதும் கையாளப்பட்டது. பிணி தீர்க்கும் கரம் மரஞ்செடிகளின்பாற் சென்றே தன் மருந்தை ஏற்றுக்கொண்டமை இவற்றால் விளங்கும். ஆதியாகமத்தின் முதலதிகாரத்திலே மனிதர்க்கு உணவாகக் கொடுக்கப்பட்டவையும் விதைதரும் பூண்டுகளும் கனிதரும் மரங்களுமே என்பதையும், ஊனுணவு ஜலப்பிரளயத்தின் பின்னரே பேசப்படுகின்றதென்பதையும் இதனோடு கூட்டி எண்ணுக.

எதிர்த்துரைப்பார் கூறுவனவற்றை நாம் மறைத்துச் செல்லோம். உயிர்த்தெழுந்த பெருமான் பொரித்த மீனை உண்டார் என்று லூக்காவே எழுதியுள்ளார்; கதரேனர் நாட்டிலே ஏறக்குறைய 2,000 பன்றிகள் கடலில் மாண்டன; குணமாகிய குஷ்டரோகியை ஆசாரியனிடஞ் சென்று மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்துமாறு பணித்ததும் உளது; அக்காணிக்கையிற் குருவியும் ஆட்டுக்குட்டியும் அடங்கும். இவை உண்மையே. கிறிஸ்து பெருமான் புலாலுணவை முற்றும் விலக்கினார் என்று நாம் வாதிக்கவில்லை. அங்ஙனம் வாதிப்பார் வேதத்தை வளைப்பவராவர். ஆயினும், அக்குஷ்டரோகி சென்றது ஆசாரியனுடைய சான்று பெற்று மீண்டும் ஊருக்குள் வாழ்தற்பொருட்டு. எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் அழிந்தது, அக்காணிக்கையும் அதனோடு ஒழிந்தது. பலி ஒருமுறையே செலுத்தித் தீர்ந்ததென்றும், துதியும் நன்மை செய்தலும் பகிர்ந்து கொடுத்தலுமே இனிக் கடவுட்கு உகந்த பலிகளென்றும் எபிரெயர் நிருபம் முடிவு கட்டுகின்றது. இதனை ஒப்புக்கொண்ட கிறிஸ்தவர், நேர்த்திக்கடனுக்கு ஆடு அறுப்பதற்குத் தம் வேதத்தில் ஆதாரங் காணமாட்டார்.

குணமடைந்தோர் செய்த கைம்மாறு யாதென்று சுவிசேஷங்களிற் பார்ப்பின் மற்றொன்றும் விளங்கும். பேதுருவின் மாமியைக் கைப்பிடித்துத் தூக்கியவுடனே அவள் எழுந்து பணிவிடை செய்தாள். பத்துக் குஷ்டரோகிகளுள் திரும்பிவந்த சமாரியன் கொணர்ந்தது நன்றி கூறும் நாவொன்றே. பெருமான் அதனைக் குறைவென்னாது, வாராத ஒன்பதின்மரையே வினவினார். யவீருவின் மகளைக் கைப்பிடித்தெழுப்பிய பின்னர், அவளுக்கு உண்ணக் கொடுங்களென்றார். கைவைத்தலுக்குப் பின் உணவு! ஆகவே அசனமிடுவோரின் உள்ளுணர்வு பிழையன்று. குணமடைந்தபின் உண்ணலும் உண்பித்தலும் வேதத்திற்கு இயைந்தனவே. மாறவேண்டுவது பந்தியன்று, பந்தியில் இடும் பண்டம்.

இனி, கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களின் மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். அம்பாசமுத்திரத்திற்கு எதிர்க்கரையில் அமைந்த அவ்வூரின் அக்கிரகாரங்களிலே தலைமுறை தலைமுறையாகப் புலால் புகுந்ததில்லை. உளுந்து மாவும் பெருங்காயமும் பிரண்டைச் சாறுங் கொண்டு அங்கு இடப்படும் அப்பளம் நாடெங்கும் பெயர்பெற்றது. கொல்லாமையைக் கற்கவேண்டின் அத்தெருக்களிற் கற்கலாம். ஆயினும் அங்கே வேறொரு குறை இருந்தது. கொல்லாத அக்கரம் பிறரைத் தொடாத கரமாயும் இருந்தது. கீழ்பால் அண்மையிலுள்ள சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தை எண்ணுக. தேசபக்தியிற் சிறந்த அவரது நிலையத்தில் அந்தணச் சிறுவர் இருவர்க்குத் தனிப் பந்தி இட்டதனால் 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு முழுதும் பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. அங்கு யாவர்க்கும் மரக்கறி உணவே. ஆயினும் வரிசை ஒன்றாகவில்லை. ஆட்டின்பால் இரங்கும் நெஞ்சம் அண்டை வீட்டுச் சிறுவன்பால் இரங்காதாயின், அவ்விரக்கம் முழுமையுற்றதன்று.

மிஷன் கரமோ இதற்கு மறுதலை. அது தொட்டது. 1870இல் நாசரேத்தில் எழுந்த லூக்கா வைத்தியசாலை முதலாக, எச்சாதியாரையும் தொட்டு மருந்திடும் வழக்கத்தை இம்மாவட்டத்தில் ஊன்றினோர் மிஷனரிமாரே. வேலூரிலே, 1946இல் வந்துசேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நரம்புத்தசைகளை மாற்றியமைத்து நிமிர்த்தும் சத்திர சிகிச்சையைத் தொடங்கினார். கரத்தினாற் கரத்தைக் குணமாக்கிய அச்செயல் கைவைத்தலின் நேர் வாரிசென்போம். அவர் ஒரு நோயாளியின் தோளிற் கைவைத்துப் பேசியபோது அவன் விம்மி அழுதான் என்பதும், பல்லாண்டுகளாக ஒருவருந் தன்னைத் தொடாமையே அதற்குக் காரணமென்பதும் அவரே பதிவு செய்துள்ள செய்தி. ஆயினும், இத்துணைப் பெருமையுடைய மிஷன் கரம் சமையற்கட்டிலே கத்தியைக் கீழே வைக்கவில்லை. சாதி வேற்றுமையும் திருச்சபைக்குள் நுழையாமற்போகவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆகவே ஒருவரையொருவர் பழித்தற்கு இருதிறத்தார்க்கும் இடமில்லை. கொல்லாக் கரம் தொடக் கற்கவேண்டும். தொடும் கரம் கொல்லாமை கற்கவேண்டும். நாம் வற்புறுத்தும் பொருள் இதுவே.

இவ்விரண்டும் ஒருங்கே கூடுமோவெனின், கூடியதுண்டு. 1921இல் வடாற்காட்டுத் திருப்பத்தூரிலே டாக்டர் ச. ஏசுதாசனும் ஸ்காட்லாந்து தேசத்தவராகிய டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். இருவரும் வைத்தியர்; இருவரும் துறவு பூண்டோர்; கதராடை உடுத்து, மரக்கறி உணவு கொண்டு, ஏழைகட்கு மருந்திட்டு வாழ்ந்தனர். அங்கே இந்தியனும் ஐரோப்பியனும் ஒரே தரையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்டனர். வைத்தியனுடைய தொடும் கரமும் துறவியினது கொல்லாக் கரமும் ஒரே உடம்பில் அமைந்தமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று நம் நாட்டில் வேண்டா. மேல்நாட்டிலும் இவ்வுறவு பழையதே: 1847இல் இங்கிலாந்தில் மரக்கறியாளர் சங்கம் தோன்றியது ராம்ஸ்கேட் நகரத்து நீர்ச்சிகிச்சை நிலையமொன்றில், அதனைத் தோற்றுவித்தாருட் பலர் புலால் மறுத்த விவிலிய கிறிஸ்தவ சபையினர்.

புலாலை விலக்கினால் போதுமே, பாலையும் நெய்யையும் ஏன் விலக்க வேண்டுமென்று சிலர் வினவுவர். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர் சிலரும் இவ்வினாவுக்கு விடையாகவே தனிச் சங்கம் கண்டனர். அவர்தம் நெறியை இக்காலத்தார் நனிசைவம் என்று தமிழில் அழகுபெற வழங்குகின்றனர். காரணம் எளிது. பசு கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. ஈன்ற கன்றுகளிற் பாதி காளைக்கன்றுகள். முற்காலத்தில் அவை ஏர் உழுதன, வண்டி இழுத்தன. உழவு இயந்திரம் வந்தபின் அவற்றிற்கு வேலையில்லை, தீனியிடுவாருமில்லை, கொலைக்களத்திற்கே செல்கின்றன. கறவை வற்றிய தாய்ப்பசுவிற்கும் பெரும்பாலும் அதே கதி. ஆகவே பாற்பாத்திரத்திற்கும் கசாப்புக் கத்திக்கும் இடையேயுள்ள தூரம் நாம் எண்ணுமளவு பெரிதன்று. தொழுவத்தின் கட்டவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதையே இரக்கத்திற்கு அளவுகோலாக வைத்தவர் முன்னிலையில், இதனை எண்ணாதிருத்தல் எளிதோ?

இவ்விடத்தே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, உணவினால் எல்லாப் பிணியும் நீங்குமென்று பேசுதல் வீண்பெருமை. நனிசைவ உணவு கொள்வோர் பி-12 என்னும் உயிர்ச்சத்தைத் தனியே பெறுதல் இன்றியமையாதது. நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்யப்படும் அம்மருந்து இன்று எளிதிற் கிடைக்கின்றது. தேவையான மருந்தை எவரும் விலக்கலாகாது. கைவைத்து வேண்டினோம், இனி வைத்தியன் வேண்டாவென்று கூறுதல் கொடுமையுமாகும். தொடுதலின் நன்மையை மருத்துவ நூலாரே ஒப்புகின்றனர்: 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், எடை குறைந்து பிறந்த குழவிகளைத் தாயின் மார்போடு மெய்யுற அணைத்து வைக்கும் முறை தொடங்கி, இன்று உலகெங்கும் பரவியுள்ளது. வயிற்றுப் பையிற் குட்டியைச் சுமக்கும் விலங்கின் பெயராற் கங்காரு முறை என்றே அது வழங்குகின்றது. ஆயின் அங்கும் தாயின் தொடுகை மருந்தோடு சேர்ந்து நிற்கின்றதேயன்றி, மருந்தைத் துரத்தவில்லை.

இரண்டாவது எச்சரிக்கை, கரத்தின் பெருமையைக் குறித்தது. சாது சுந்தர்சிங் இலங்கை சென்றிருந்தபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன்மேற் கைவைத்து வேண்ட, அவன் பிழைத்தான். உடனே மக்கள் சாதுவின் கரத்திலேயே வல்லமை உளதென்று திரண்டனர். அதுகண்ட அவர் அஞ்சி, அச்செயலினின்றும் ஒதுங்கிக்கொண்டார். அவர்தம் வாழ்வையும் போதனையையும் ஆராய்ந்து 1921இல் ஸ்ட்ரீட்டருடன் சேர்ந்து நூலெழுதிய அ. ஏ. அப்பாசாமி நம் பாளையங்கோட்டையிற் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. மற்றும், டோனாவூரில் 1901 முதல் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணிவந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டுப் படுக்கையுற்றார். அவர்க்காக வேண்டினோர் பலர். 1951இல் உயிர் நீக்கும் வரையில் அவர் பழைய நலம் பெறவில்லை. பரம சுகசாலை என்னும் பெயருடைய வைத்தியசாலையை நிறுவிய அவர்க்கே சுகம் வரவில்லை! எனினும் அவர்மீது வைத்த கரங்கள் வீணாயினவோ? இல்லை. சுமார் இருபதாண்டுகள் அவரைத் தூக்கி, கழுவி, உணவூட்டிய கரங்களும் கைவைத்தலே செய்தன. பிணி நீங்கினாலன்றி நன்றியில்லை என்பது வாணிகம். பிணி நீங்காதபோதும் விலகாத கரமே பக்தி. இவ்வுண்மையை உணர்ந்தார்க்கு, சுகத்திற்கு விலையாக ஆட்டின் உயிரைப் பேசும் நேர்ச்சை தானே வலியிழந்து போகும்.

முடிவாக, செய்யத்தக்கதொன்றைக் கூறுவோம். நோய் நீங்கியமைக்கு அசனமிட நினைப்போர் இடுக; பந்தி குறையற்க; அழைக்கப்படாதார் ஒருவரும் இல்லாதிருப்பாராக. இலையிலே பொருநைச் சோறும், தேங்காய்ப்பாலிற் செய்த நம் ஊர்ச் சொதியும், தயிர் விடாது மாங்காய் இட்ட அவியலும், பூசணிக்காய்க் கூட்டும், கல்லிடைக்குறிச்சி அப்பளமும், உடன்குடிக் கருப்பட்டிப் பாயசமும் விழுமாயின், எவ்விருந்தினன் குறை கூறுவான்? அன்றியும், ஊனுண்ணாத அண்டை வீட்டாரும் அப்பந்தியில் வந்தமரலாம். இதுவரை வாயிலில் நின்று வாழ்த்தி மீண்டோர் இனி உள்ளே வருவர். ஆட்டின் விலையில் மிஞ்சும் பணத்தை வைத்தியசாலையிற் கிடக்கும் ஏழை நோயாளியின் மருந்திற்கும் வழிச்செலவிற்கும் கொடுத்துதவுக. ஓருயிரைக் கொன்று ஓருயிர் பிழைத்தமைக்கு நன்றி கூறுவதினும், இரண்டுயிர் பிழைக்க நன்றி கூறுதல் நன்றன்றோ?

புலாலுண்பாரை நாம் பழிக்கவில்லை. உண்பவன் உண்ணாதவனையும், உண்ணாதவன் உண்பவனையும் இகழற்க என்று ரோமர்க்கு எழுதிய நிருபத்திலே பவுல் கூறிய நெறியே நம் நெறி. மாணவ நண்பர்களே! நாளை உங்களுட் சிலர் குருமாராவீர், சிலர் வைத்தியராவீர், பலர் குடும்பத் தலைவராவீர். உங்கள் கரம் பிணியாளன் நெற்றியின்மேல் வைக்கப்படும் நாள் எல்லார்க்கும் வரும். அந்நாளில் அக்கரம் எச்சாதியாரையும் தொட அஞ்சாததாயும், எவ்வுயிரின் குருதியும் படாததாயும் இருக்குமாறு இன்றே அதனைப் பழக்குவீராக.